என்ன சொல்லுது?

மாதேஸ்வரன் மலைக்குப் போகிற பஸ் கொள்ளேகாலை விட்டு, ஹனூர் தாண்டி, எங்கள் ஊருக்கு வரும்போது பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். டீ குடிக்க இறங்குகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது ஒரு மஞ்சள் போர்டு. எஸ்டிடி, ஐஎஸ்டி, பிசிஓ என்று பெரிய எழுத்து. அதன் கீழே பிறகு சேர்த்த ‘ஜெராக்ஸ்’. அதற்கும் கீழே, இடம் போதாமல் நெருக்கி எழுதிய ‘கம்ப்யூட்டர் டிடிபி’. அது என் மாமாவின் கடை. 2002லிருந்து 2007 வரை அந்த மூன்றாவது வரி நான்தான்.

ஊர் கௌதள்ளி. அது அப்போது இருந்த கொள்ளேகால் தாலுக்கா 1956 நவம்பர் 1ஆம் தேதி வரைக்கும் மதராஸ் மாநிலத்தில், கோயம்புத்தூர் ஜில்லாவில் இருந்தது. அன்றைக்கு மைசூரோடு சேர்ந்தது. 1997ல் சாமராஜநகரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். எங்கள் அத்தை இன்னும் விலாசம் சொல்லும்போது மைசூர் ஜில்லா என்றுதான் முடிப்பாள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், சந்தையில் யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் மொழி. இதெல்லாம் எங்களுக்கு வாழ்க்கையில் ஒரு சிக்கலாகவே தெரிந்ததில்லை. கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் தெரிந்தது.

மாமா முதலில் வாங்கிய பழைய மெஷினில் இருந்தது விண்டோஸ் 2000. அதற்குத் தமிழ் தெரியும், தேவநாகரி தெரியும். கன்னடம் தெரியாது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது கன்னடம். நுடி, பரஹா என்று தனி மென்பொருள்களைப் போட்டுச் சமாளித்தோம். தமிழ் கல்யாணப் பத்திரிகைக்குப் பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும். பத்திரிகை என்றால் எங்கள் பக்கம் பெரும்பாலும் இரண்டு முகம்: ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னடம். பழனி என்ற மாப்பிள்ளை மறுபக்கத்தில் பளனி ஆகிவிடுவார், இன்றைய கன்னட நெடுங்கணக்கில் ழ இல்லை. அவர்கள் தகரத்துக்கு நான்கு எழுத்து வைத்திருப்பார்கள், நாம் நான்கையும் ஒன்றில் அடக்குவோம். இதையெல்லாம் சரிபார்த்து, இரண்டு பாட்டிகளும் ஒத்துக்கொண்ட பிறகுதான் அச்சுக்குப் போகும்.

பிறகு எக்ஸ்பி வந்தது. அதில் கன்னடமும் இருந்தது, ஆனால் தானாக வராது. கன்ட்ரோல் பேனலில் வட்டார, மொழி அமைப்புகளைத் திறந்து, மொழிகள் என்ற தாவலில் சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளை நிறுவு என்ற சின்னக் கட்டத்தில் டிக் போட வேண்டும். உடனே சிடி கேட்கும். சிடியைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டால் இரண்டு மொழியும் எழுந்து நிற்கும். தமிழுக்கு லதா என்றொரு எழுத்துரு, கன்னடத்துக்குத் துங்கா. ஃபோல்டருக்கு ஊர்ப் பெயரைத் தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று வைத்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டேன். டீ கிளாஸோடு வந்தவர் ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். “ரெண்டும் நம்ம ஊருதானா கண்ணு?” என்று கேட்டார்.

எனக்கு இந்த மெஷின்களைப் பழக்கியவர் கொள்ளேகாலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர். கன்னடக்காரர். நான் அவரை அண்ணா என்பேன். அது இரண்டு மொழியிலும் ஒன்றுதான். அவர் என்னைத் தங்கி என்பார், கன்னடத்தில் தங்கை. மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வருவார். மற்ற நாளெல்லாம் போன்தான். என்ன கோளாறு என்று போன் செய்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே ஒன்று: “ஏன் ஹேளுத்தே?” என்ன சொல்லுது?

வேலை செய்யவில்லை, நின்றுவிட்டது, செத்துவிட்டது என்று நான் பதறிக்கொண்டிருப்பேன். அவர் மறுபடி அதையே கேட்பார். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துக்கூட்டிப் படி. எண் இருந்தால் எண்ணைச் சொல். நீ நினைப்பதைச் சொல்லாதே, அது சொல்வதைச் சொல். எனக்கு இங்கிலீஷ் தடுமாறும். புரியாத சொல்லை எஸ், இ, ஆர் என்று எழுத்தெழுத்தாகச் சொல்வேன். அவர் பொறுமையாக எழுதிக்கொள்வார், அந்தப் பக்கம் பென்சில் உரசும் சத்தம்கூடக் கேட்கும்.

எங்கள் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போகாது. பிரிண்டர் பாதிப் பக்கம் தள்ளியிருக்கும்போது போகும். யுபிஎஸ் பேட்டரி கிழமாகிவிட்டிருந்ததால் மெஷினும் கூடவே அணையும். கரண்ட் வந்த பிறகு பிரிண்ட் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. முந்தைய வேலை வரிசையின் முன்னால் அரைகுறையாகக் கிடக்கும். அழித்தால் அழிகிறேன் என்று சொல்லிவிட்டு அழியாமல் நிற்கும். அப்போதுதான் அண்ணா கறுப்பு ஜன்னலைத் திறக்கக் கற்றுக்கொடுத்தார். ஸ்டார்ட், ரன், சிஎம்டி. கறுப்பில் வெள்ளை எழுத்து, துடித்துக்கொண்டு நிற்கும் ஒரு கோடு. அவ்வளவுதான்.

அதில் நெட் ஸ்டாப் ஸ்பூலர் என்று அடித்தேன். ஸ்பூலர் என்பது பிரிண்டருக்குப் போகிற வேலைகளை வாங்கி வரிசையில் வைத்துக்கொள்ளும் சர்வீஸ். நிற்கிறது என்று ஒரு வரி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, நின்றுவிட்டது என்று இன்னொரு வரி. இனி சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். பிரிண்ட் வேலை ஒவ்வொன்றுக்கும் அங்கே இரண்டு கோப்புகள் இருக்கும்: எஸ்பிஎல் என்று முடிவதில் அச்சாக வேண்டிய விஷயம், எஸ்எச்டி என்று முடிவதில் அது யார் கொடுத்தது, எந்தப் பிரிண்டருக்கு என்ற விவரம். இரண்டையும் அழித்து, நெட் ஸ்டார்ட் ஸ்பூலர் என்று அடித்து, மறுபடி பிரிண்ட் கொடுத்ததும் மாமாவின் டாட் மேட்ரிக்ஸ் தலையைத் தூக்கிக்கொண்டு கரகரவென்று ஓட ஆரம்பித்தது. பெஞ்சில் இரண்டு மணி நேரமாகக் காத்திருந்த ஒரு பெரியவர் “ஆய்தா அம்மா?” என்று எழுந்தார். ஆயிற்று என்றேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட நிறைவு போல ஒன்று, அதன் பிறகு வேலையில் எனக்கு எத்தனை தடவை வந்திருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பெரியவர்கள் பெரும்பாலும் பஹணிக்காக வருகிறவர்கள். கர்நாடகத்தில் ‘பூமி’ திட்டத்தில் நிலப் பதிவுகள் கம்ப்யூட்டருக்கு மாறிய காலம். தாலுக்கா அலுவலகத்தில் பதினைந்து ரூபாய் கட்டினால் ஆர்டிசி என்கிற பஹணியை அச்சடித்துக் கொடுத்தார்கள். அது முழுக்கக் கன்னடம். எங்கள் ஊர்த் தமிழ்ப் பெரியவர்கள் பஸ் ஏறிப் போய் வாங்கிக்கொண்டு நேரே கடைக்கு வருவார்கள். நான் படித்துச் சொல்ல வேண்டும். சர்வே நம்பர், பரப்பு, யார் பெயர், என்ன பயிர். அப்பன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் திருத்தக் கோரி மனு. அந்த மனு அச்சாகும்போதுதான் கரண்ட் போகும்.

எங்கள் மெஷினில் 128 எம்பி நினைவகம்தான். எக்ஸ்பிக்கு அது இறுக்கமான சட்டை. நினைவகத்தை மிச்சம் பிடிக்க, வேண்டாத சர்வீஸ்களை நிறுத்திவைக்கலாம் என்று அண்ணா சொல்லியிருந்தார். சர்வீஸ்கள் பட்டியலைத் திறந்தால் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை: தானாகத் தொடங்குவது, கேட்டால் தொடங்குவது, கேட்டாலும் தொடங்காதது. பக்கத்தில் அது என்ன செய்கிறது என்று ஒரு சின்னப் பத்தி. ஒரு மாதம், மதியம் கடை ஓய்ந்திருக்கிற நேரத்தில், அதை அகராதி வைத்துப் படித்தேன். நீளமான கோடு போட்ட நோட்டு ஒன்றில் ஒவ்வொன்றையும் தமிழில் எழுதினேன். தீம்ஸ்: அழகுக்கு, நிறுத்தலாம். மெசஞ்சர்: முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் விளம்பரப் பெட்டி இதன் வழியாக வருகிறது, கட்டாயம் நிறுத்து. ஆர்பிசி: தொடவே கூடாது. ஆர்பிசியை ஏன் தொடக்கூடாது என்பதை 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற கம்ப்யூட்டர் புழு உலகத்துக்கே காட்டியது. அந்த சர்வீஸில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது நுழைந்தது. இணையத்தில் ஏறியவுடன் ஆர்பிசி விழுந்து, அறுபது வினாடியில் மெஷின் அணையும் என்று ஒரு பெட்டி வந்து, எண்ண ஆரம்பித்துவிடும். ஷட்டவுன், இடைவெளி, கழித்தல் குறி, ஏ. அறுபது வினாடிக்குள் இதை அடித்தால் எண்ணிக்கை நிற்கும். அந்த வாரம் மாமாகூட அதை மனப்பாடம் செய்துவிட்டார்.

நோட்டில் டெலிபோனி என்ற சர்வீஸுக்கு எதிரே ‘நிறுத்தலாம்’ என்று எழுதிவைத்திருந்தேன். போன் தனியாக மேஜையில் இருக்கிறது, கம்ப்யூட்டருக்குள் எதற்கு இன்னொரு டெலிபோன் என்று நினைத்தேன். நிறுத்தி, கேட்டாலும் தொடங்காத நிலைக்கு மாற்றிவிட்டேன். மறுநாள் எஸ்எஸ்எல்சி ரிசல்ட்.

காலையில் கடை வாசலில் பிள்ளைகள், அப்பாக்கள், அம்மாக்கள், ரிஜிஸ்டர் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஒரு பெண். மோடத்தைத் தொட்டேன். சத்தமே வரவில்லை. திரையில் 711 என்று ஒரு பிழை. எனக்குக் கை உதறியது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் செய்த காரியம்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, எது என்றுதான் தெரியவில்லை. அண்ணாவுக்குப் போன் போட்டேன். “ஏன் ஹேளுத்தே, தங்கி?” படித்தேன். கறுப்பு ஜன்னலைத் திற என்றார். எஸ்சி, கியூசி, ராஸ்மேன். ராஸ்மேன்தான் டயல்-அப் இணைப்பை நடத்துகிற சர்வீஸ். வந்த வரிகளில் கடைசிப் பக்கம் பார், அது யாரை நம்பியிருக்கிறது என்று எழுதியிருக்கும் என்றார். டேபிசர்வ் என்று இருந்தது. நோட்டைப் புரட்டினேன். டேபிசர்வ்தான் டெலிபோனி. அவர் சத்தம் போடவில்லை. அதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வரி சொன்னார்: எஸ்சி கான்ஃபிக் டேபிசர்வ், ஸ்டார்ட், ஈக்வல், டிமாண்ட். அடித்தேன், ஏற்கவில்லை. மறுபடி அடித்தேன், ஏற்கவில்லை. ஈக்வலுக்குப் பிறகு ஓர் இடைவெளி விடு என்றார். முன்னால் விடாதே, பின்னால் விடு. அப்படித்தான் அதற்கு வேண்டும். விட்டேன். ஏற்றுக்கொண்டது.

மோடம் கூவ ஆரம்பித்தபோது வாசலில் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கையில் நம்பர் எழுதியிருந்த பெண் பாஸ்.

சாயங்காலம் நோட்டில் டெலிபோனிக்கு எதிரே எழுதியிருந்ததை அடித்துவிட்டு எழுதினேன்: இதை நம்பி ராஸ்மேன், ராஸ்மேனை நம்பி மோடம், மோடத்தை நம்பி பிள்ளைகள்.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாதேஸ்வரன் மலைக்குத் தீபாவளிக்கு, சிவராத்திரிக்கு, யுகாதிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். அவர்களுக்குச் சோறு போட ஊரில் வசூல் நடக்கும். கொடுத்தவர்கள் பட்டியலைக் கடையில் டைப் செய்தோம். ஒரு வருஷம் நானும், உதவிக்கு வந்த சித்தி பையனும் மாறி மாறி அடித்தோம். முடித்துவிட்டுப் பார்த்தால் திரையில் கௌதள்ளி என்று அச்சு அசலாக ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள். ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருக்க விண்டோஸ் விடாது. ஆனால் இருந்தது. ஒன்றில் பாதிப் பெயர், இன்னொன்றில் மீதி. தேடினால் ஒன்றுதான் அகப்படும். மாமா பயந்துவிட்டார்.

அண்ணா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அது ஒன்றும் சொல்லவில்லை அண்ணா என்றேன். அப்படியானால் கறுப்பு ஜன்னலிடம் கேள் என்றார். அங்கே போய் டிஐஆர் அடித்தேன். எக்ஸ்பியின் கறுப்பு ஜன்னலுக்குத் தமிழும் வராது, கன்னடமும் வராது. படிக்கத் தெரியாத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடும். இரண்டு ஃபோல்டரும் வெறும் கேள்விக்குறி வரிசைகளாக நின்றன. எத்தனை கேள்விக்குறி என்று எண்ணு என்றார். விரல் வைத்து எண்ணினேன். ஒன்றில் ஏழு. இன்னொன்றில் எட்டு.

கௌ என்ற எழுத்தின் வலப்பக்கத் துண்டு பார்க்க ளகரம் போலவே இருக்கிறது. பாமினியில் பழகிய கை, கொம்பு, க, ள என்று மூன்று தட்டு தட்டித்தான் கௌவை எழுதும்; அச்சில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் அது ககரமும் ஔகாரக் குறியும், இரண்டே குறியீடு. சித்தி பையன் பழைய பழக்கத்தில் கெ, ள என்று எழுதியிருந்தான். நான் கௌ என்று எழுதியிருந்தேன். லதா எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. தமிழ் தெரிந்த எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் படாத பிழையை, தமிழில் ஓர் எழுத்தும் தெரியாத அந்த ஜன்னல் எண்ணிக் காட்டிவிட்டது. டிஐஆர் ஸ்லாஷ் எக்ஸ் அடித்து, தப்பான ஃபோல்டரின் குட்டிப் பெயரைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து கோப்புகளை மாற்றினேன்.

அப்போது மூன்றாவது வரியையும் பார்த்தேன். அது கன்னடத்தில் பெயர் வைத்த ஃபோல்டர். அதையும் எண்ணினேன். ஏழு. கன்னடத்திலும் ககரம், ஔகாரக் குறி, பிறகு த, ள, புள்ளி, ள, இகரக் குறி. சரியாக எழுதினால் எங்கள் ஊர்ப் பெயர் இரண்டு மொழியிலும் ஏழு. இரண்டு வரிசையும் ஒன்றன் கீழ் ஒன்றாக, ஒரு கேள்விக்குறிகூட வித்தியாசம் இல்லாமல் நின்றன. யாரிடமும் சொல்லவில்லை. மெஷினை அணைக்க மனசு வராமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே மலைக்குப் போகிறவர்கள் கம்சாளைத் தாளத்தைத் தட்டிப் பாடிக்கொண்டு போனார்கள்.

2007ல் பெங்களூருக்கு வந்தேன். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த நோட்டை வைத்துத்தான் இன்டர்வியூவுக்குத் தயார் செய்தேன், வேலை கிடைத்ததும் மாமாவுக்கு வேண்டியிருக்கும் என்று கடையிலேயே விட்டுவிட்டேன். இன்றைக்கு நான் பார்த்துக்கொள்ளும் சர்வீஸ்களை ஒரு நோட்டில் அடக்க முடியாது. அவை எந்த மெஷினில் ஓடுகின்றன என்பதே நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். ஒன்று நோய்ப்பட்டால் அதை யாரும் விசாரிப்பதில்லை. குபர்னெட்டீஸ் என்ற மென்பொருள் அதைத் தானே கொன்றுவிட்டு, அதே மாதிரி இன்னொன்றை எழுப்பிவிடும். வேலை நிற்பதில்லை. இது நல்லதுதான், ராத்திரி தூக்கம் கிடைக்கிறது. ஆனால் செத்தது ஏன் செத்தது என்று கேட்க உட்கார்ந்தால், அதற்குள் அது இருந்த சுவடே இருக்காது. போனில், டிவியில், பாங்க் ஆப்பில் வருகிற செய்தியும் அப்படியே ஆகிவிட்டது. ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும். ஓர் எண் இல்லை. அண்ணா கேட்டால் நான் எதைப் படித்துச் சொல்வேன்?

அந்தக் கறுப்பு ஜன்னலில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை மறுபடி தொடங்கச் சொன்னால், ஏற்கெனவே ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, மேலும் உதவிக்கு நெட் ஹெல்ப்எம்எஸ்ஜி 2182 என்று அடி என்று கீழே ஒரு வரி வரும். அடித்தால், விளக்கம் என்று ஒரு பத்தி, செய்ய வேண்டியது என்று ஒரு பத்தி. கறாரான மெஷின்தான், ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் ஏற்காது. ஆனாலும் அடுத்து எந்த வாசலைத் தட்ட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பும். எனக்கு அந்த மரியாதை வேண்டியிருக்கிறது. கோளாறு எதுவானாலும் அதற்கு ஒரு பெயரும் ஒரு காரணமும் இருக்கும், பொறுமையாக உட்கார்ந்தால் கௌதள்ளியில் இருக்கிற ஒரு பெண்ணுக்கும் அது பிடிபடும் என்று அந்த மெஷின் எனக்குக் கொடுத்த நம்பிக்கை வேண்டியிருக்கிறது.

எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. அன்றைக்கு ஆபீஸில் பழைய மெஷின்களின் பட்டியல் எடுத்து ஒவ்வொன்றாகக் கழித்தோம். எனக்கு மாமாவின் மேஜைதான் ஞாபகம் வந்தது. அந்த மெஷின் இன்னும் அங்கே இருக்கிறது. இணையம் கிடையாது, கேபிளைப் பிடுங்கி வைத்திருக்கிறார். பழைய பத்திரிகைகளின் பேஜ்மேக்கர் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. மூத்தவன் கல்யாணத்தில் போட்ட அதே வாசகம் இளையவனுக்கும் வேண்டும் என்று கேட்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. மற்ற வேலைக்கெல்லாம் புது மெஷின்.

போன மாசம் ராத்திரி எட்டு மணிக்கு மாமா கூப்பிட்டார்.

“கண்ணு, பிரிண்டர் நின்னுபோச்சு. கரண்ட் போயிட்டு வந்துச்சு.”

“என்ன சொல்லுது மாமா?”

“இரு, கண்ணாடி போடறேன்.” பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

சொல்லச் சொல்ல அடித்தார். சாவிகள் பழையவை, ஒவ்வொன்றும் போனில் கேட்டது. நின்றுவிட்டது என்று வந்திருக்கிறது என்றார். அழிக்க வேண்டியதைச் சொன்னேன். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறார் என்று பக்கம் புரளும் சத்தத்தில் தெரிந்தது. இதில் ஒரு பக்கம் கறையான் தின்றிருக்கிறது, அதனால்தான் உன்னைக் கூப்பிட்டேன் என்றார்.

“இப்ப நெட் ஸ்டார்ட். ஓர் இடைவெளி. ஸ்பூலர்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தலை நகர்ந்து கரகரவென்று ஓட ஆரம்பித்தது. மாமா போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் காகிதத்தைப் பிடிக்கப் போய்விட்டார், வைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. கடையில் யாரோ கன்னடத்தில் ஆய்தா என்று கேட்டார்கள். இன்னும் நாலு காப்பி இருக்குங்க என்று மாமா தமிழில் பதில் சொன்னார். நான் நாலும் முடிகிற வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.